வீட்டிலேயே சின்னமன் ரோல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்னமன் ரோல், அதாவது பட்டைப் பூரணம் பூசிச் சுருட்டி வேகவைக்கிற இனிப்பு ரொட்டி, செய்து பார்த்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன். முதல் முறை செய்பவர்கள் மேலிருந்து படித்து வாருங்கள். ஏற்கெனவே செய்து எங்காவது சிக்கிக்கொண்டவர்கள் நேராகக் கீழே போகலாம்.

என்னிடம் வந்த பிரச்சினைகளில் பெரும்பாலானவை இரண்டே இடத்தில்தான் தொடங்கியிருந்தன. மாவு ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மைதா தூவியது ஒன்று. மாவைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தது இன்னொன்று. அதனால் அந்த இரண்டு பதில்களும் கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முதல்ல அளவு மட்டும் சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

சரி. 12 ரோலுக்கு: மைதா 500 கிராம், பால் 250 மி.லி., சர்க்கரை 75 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 75 கிராம், முட்டை 1, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 8 கிராம். உள்ளே பூசுவதற்கு நன்றாக இளகிய வெண்ணெய் 70 கிராம், பிரவுன் சுகர் 140 கிராம், பட்டைத் தூள் 12 கிராம், கார்ன்ஃப்ளார் 2 தேக்கரண்டி. மேலே பூசுவதற்கு க்ரீம் சீஸ் 100 கிராம், வெண்ணெய் 50 கிராம், ஐசிங் சுகர் 100 கிராம், சில சொட்டு வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு.

வேலை போகிற வரிசை இது. வெதுவெதுப்பான பாலில் சர்க்கரை, ஈஸ்ட், முட்டை கலந்து, மைதாவும் உப்பும் சேர்த்துப் பிசையுங்கள். மாவு ஒன்றுசேர்ந்த பிறகு வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மூடி வைத்து இரண்டு மடங்காக உப்பவிட்டு, 45 செ.மீ. நீளம் 30 செ.மீ. அகலத்துக்குத் தேய்த்து, பூரணத்தைப் பூசி, நீளமான பக்கத்திலிருந்து சுருட்டி 12 துண்டாக வெட்டுங்கள். 33×23 செ.மீ. ட்ரேயில் அடுக்கி, மறுபடி உப்பவிட்டு, 180 டிகிரி செல்சியஸில் வேகவையுங்கள். மொத்தம் மூன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் உங்கள் கை வேலை செய்வது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு.

கப்புல அளந்தா ஆகாதா? எடை மெஷின் இல்ல.

ஆகும், ஆனால் மைதாவில் மட்டும் கவனம் வேண்டும். மாவைக் கரண்டியால் அள்ளிக் கப்பில் தளர்வாகப் போட்டால் சுமார் 120 கிராம் வரும். கப்பையே பைக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட வந்துவிடும். நாலு கப்புக்கு 120 கிராம் வித்தியாசம்! அவ்வளவு மாவு கூடினால் ரோல் பன் மாதிரி இறுகிப்போகும். எடை மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அதுவரை கரண்டியால் தளர்வாகப் போட்டு, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டு அளந்துகொள்ளுங்கள்.

சாதா மைதாவே போதுமா, இல்ல பிரெட் மாவுதான் வேணுமா?

சாதா மைதாவே போதும். பிரெட் மாவில் புரதம் கூடுதல், பொதுவாக 12 முதல் 13 சதவீதம் இருக்கும். அதனால் மாவு நன்றாக இழுபடும், ரோல் உயரமாக வரும், பிய்த்தால் இழை இழையாகப் பிரியும். மைதாவில் செய்தது கொஞ்சம் கேக் பக்கம் சாய்ந்த மென்மையோடு இருக்கும். எனக்கு இரண்டும் பிடிக்கும். பிரெட் மாவு கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும் என்பதால் அதில் செய்கிற அன்று பாலை 15 மி.லி. கூட்டிக்கொள்வேன்.

இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஆக்டிவ் ட்ரை ஈஸ்ட், ரெண்டும் ஒண்ணுதானே?

இரண்டிலும் இருப்பது ஒரே உயிரிதான், உலர்த்திய விதம்தான் வேறு. இன்ஸ்டன்ட் ஈஸ்டின் மணிகள் சிறியவை, அதை நேராக மாவிலேயே கலக்கலாம். ஆக்டிவ் ட்ரை ஈஸ்டை முதலில் வெதுவெதுப்பான பாலில் ஊறவைக்க வேண்டும், அளவும் கொஞ்சம் கூட வேண்டும். 7 கிராம் இன்ஸ்டன்டுக்குப் பதில் 9 கிராம் போடுங்கள்.

எந்த ஈஸ்டாக இருந்தாலும், பாக்கெட்டைத் திறந்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். அலமாரியில் திறந்தே கிடந்த பாக்கெட்தான் பல தோல்விகளுக்குக் காரணம்.

பால் எவ்வளவு சூடா இருக்கணும்? தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது.

38 முதல் 43 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு சொட்டை மணிக்கட்டின் உட்பக்கம் விட்டுப் பாருங்கள். இதமாக இருந்தால் சரி. "சுடுது" என்று மனதில் பட்டாலே அது அதிகம், இன்னும் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் சாகத் தொடங்கிவிடும். பால் ஆறிப்போயிருந்தாலோ ஒன்றும் கெட்டுவிடாது, உப்புவதற்கு நேரம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் குளிர்ச்சியின் பக்கம் சாய்வதே பாதுகாப்பு.

ஈஸ்ட் கலந்து 10 நிமிஷம் ஆச்சு, நுரையே வரல. அப்படியே தொடரலாமா?

ஆக்டிவ் ட்ரை ஈஸ்ட் என்றால் தொடராதீர்கள். வெதுவெதுப்பான பாலில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையோடு 10 நிமிடம் இருந்தும் மேலே நுரை கட்டவில்லை, வாசனையும் இல்லை என்றால் அந்த ஈஸ்ட் போய்விட்டது. இப்போது இழப்பு ஒரு தம்ளர் பால் மட்டும். மாவில் கலந்துவிட்டால் வெண்ணெய், முட்டை எல்லாமே வீண்.

இன்ஸ்டன்ட் ஈஸ்ட் நுரைக்காமலும் வேலை செய்யலாம், குறிப்பாகப் பாலில் முழுச் சர்க்கரையையும் கொட்டியிருந்தால். சர்க்கரை அதிகமாகும்போது அது ஈஸ்ட் செல்லிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஈஸ்ட் மந்தமாகிவிடும். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் அரைத் தேக்கரண்டி ஈஸ்டை ஒரு சிட்டிகை சர்க்கரையோடு கொஞ்சம் வெந்நீரில் தனியாகப் போட்டுப் பாருங்கள். நீரின் சூடு மேலே பாலுக்குச் சொன்ன அளவுதான்.

மாவு கையில பயங்கரமா ஒட்டுது. இன்னும் கொஞ்சம் மைதா போடட்டுமா?

போடாதீர்கள். இந்த ஒரு பதிலை மட்டுமாவது முழுதாகப் படித்துவிட்டு மாவில் கை வையுங்கள்.

இனிப்பு ஈஸ்ட் மாவு தொடக்கத்தில் ஒட்டத்தான் செய்யும். பாலையும் முட்டையையும் மைதா உறிஞ்சி முடிக்க நேரம் வேண்டும். சர்க்கரையும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் மாவு விரல்களிலும் மேடையிலும் இழுபட்டுக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பயந்து ஒரு கைப்பிடி மைதா தூவுகிறோம். அது சுமார் 30 கிராம். இப்படி மூன்று முறை தூவினால் 90 கிராம், அதாவது மொத்த மைதாவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. மாவு அப்போது கைக்கு இதமாகத்தான் இருக்கும். வெந்து வந்த ரோல் மறுநாள் காலையில் கட்டியாக இருக்கும்.

அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். வெண்ணெய் தவிர எல்லாவற்றையும் கரண்டியால் கலந்து, உலர்ந்த மாவு தெரியாத நிலை வந்ததும், பாத்திரத்தை மூடி 20 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். திரும்பி வந்து பார்த்தால் அதே மாவு பாதி ஒட்டலை இழந்திருக்கும். தண்ணீர் மைதாவுக்குள் இறங்கி, இழுவை தரும் குளூட்டன் தானாகவே கட்டத் தொடங்கியிருக்கும். அதன்பின் கையில் மைதா தடவாமல் லேசாக எண்ணெய் தொட்டுக்கொண்டு, மேடையில் அடித்து இழுத்து மடித்துப் பிசையுங்கள். மேடையில் ஒட்டியதைத் தட்டையான ஸ்க்ரேப்பரால் வழித்து மறுபடி மாவோடு சேருங்கள். 8 நிமிடத்துக்குப் பிறகு மாவு கையை விட்டு மேடையைப் பிடிக்கும். 12 நிமிடத்தில் மேடையையும் விட்டுவிடும். கடைசி நிலையிலும் தொட்டால் லேசாக ஒட்டும், ஆனால் விரலில் அப்பிக்கொண்டு வராது. அதுதான் சரியான பதம்.

பிசைஞ்சது போதும்னு எப்படித் தெரியும்?

ஓர் எலுமிச்சம்பழ அளவு மாவைக் கிள்ளி, இரண்டு கை விரல்களாலும் மெதுவாக நாலு பக்கமும் விரித்துப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் விரலின் நிழல் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிய சவ்வு வர வேண்டும். சவ்வு வருவதற்கு முன்பே ஓரம் கரடுமுரடாகக் கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம் பிசையுங்கள்.

வெண்ணெயைத் தொடக்கத்திலேயே போட்டவர்களுக்கு இந்தச் சவ்வு வருவது தாமதமாகும். கொழுப்பு மைதாவின் புரதத்தைப் போர்த்திக்கொண்டு குளூட்டன் கட்டுவதைத் தடுக்கும். பாதி பிசைந்த பிறகு இளகிய வெண்ணெயை நாலைந்து தடவையாகச் சேர்க்கச் சொல்வது அதனால்தான். வெண்ணெய் சேர்த்தவுடன் மாவு வழுவழுவென்று பிரிந்து கெட்டுப்போன மாதிரி தெரியும். இரண்டு நிமிடம் விடாமல் பிசைந்தால் திரும்பச் சேர்ந்துவிடும்.

ரெசிபில ஒரு மணி நேரம்னு போட்டிருக்கு. எனக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகியும் இரண்டு மடங்கு ஆகல.

ரெசிபி எழுதியவரின் சமையலறை வேறு, உங்களுடையது வேறு. 27 டிகிரி அறையில் ஒரு மணி நேரத்தில் உப்புகிற மாவு, 20 டிகிரி அறையில் இரண்டு மணி நேரம்கூட எடுக்கும். அதோடு நம் மாவில் சர்க்கரை மைதாவின் எடையில் 15 சதவீதம் இருக்கிறது. 10 சதவீதத்தைத் தாண்டினாலே சாதாரண ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும் (காரணம் நுரை பற்றிய பதிலில் இருக்கிறது). இனிப்பு மாவுக்கென்றே தனி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் உண்டு. அடிக்கடி செய்பவர்கள் அதை வாங்கினால் வித்தியாசம் தெரியும்.

மாவை நேரான சுவர் உள்ள பாத்திரத்தில் போட்டு, வெளியே மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிடுங்கள். இரண்டு மடங்கு ஆகிவிட்டதா என்று கண்ணால் மதிப்பிடுவதில் எல்லோருக்கும் பிழை வரும், அகலமான பாத்திரத்தில் இன்னும் அதிகமாக. அப்புறம் விரல் சோதனை. மைதாவில் தொட்ட விரலை மாவுக்குள் ஒரு செ.மீ. அழுத்தி எடுங்கள். குழி சட்டென்று நிரம்பிவிட்டால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி மட்டும் நிரம்பினால் தயார்.

அறை குளிர்ச்சியாக இருந்தால், அணைத்த ஓவனுக்குள் மாவையும் கீழ்த்தட்டில் ஒரு கிண்ணம் கொதிநீரையும் வைத்துக் கதவை மூடிவிடுங்கள். ஓவனைப் போட்டுச் சூடாக்கி அதில் மாவை வைக்காதீர்கள். வெளிப்பக்கம் வெந்து வெண்ணெய் உருகி வடியும்.

பட்டைத் தூளை மாவுலயே கலந்துட்டா வேலை மிச்சம்தானே?

வேண்டாம். பட்டைக்கு மணம் தருகிற சின்னமால்டிஹைட் என்ற பொருளே ஈஸ்டை அடக்கக்கூடியது. மாவோடு கலந்தால் உப்புவது குறையும். பூரணமாகத் தனி அடுக்கில் இருக்கும்போது மாவுக்குள் இருக்கிற ஈஸ்டை அது பெரிதாகப் பாதிக்காது.

எந்தப் பட்டை வாங்கணும்? சிலோன் பட்டை, கேசியான்னு ரெண்டு சொல்றாங்க.

கேசியா தடித்த ஒற்றைச் சுருளாக, கெட்டியாக இருக்கும். மணம் காரமாகத் தூக்கலாக வரும். சிலோன் பட்டை காகிதம் மாதிரி மெல்லிய தோல்கள் பல அடுக்காகச் சுருண்டது, விரலாலேயே நொறுக்கிவிடலாம். மணம் மென்மையானது, லேசான இனிப்போடு இருக்கும். வெறும் சுவையைக் கேட்டால் என் கை கேசியாவுக்குத்தான் போகும், இவ்வளவு வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் நடுவில் அதன் மணம்தான் எடுபடுகிறது.

ஆனால் கேசியாவில் கூமரின் என்ற பொருள் கணிசமாக உண்டு, சிலோன் பட்டையில் மிகச் சொற்பம். கூமரின் அதிகமானால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்படும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரை தினமும் உட்கொள்ளலாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வரம்பு. சராசரிக் கேசியாத் தூளில் கணக்கிட்டால், 60 கிலோ எடையுள்ளவருக்கு இது நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம் தூள், 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை கிராம். நம் அளவில் ஒரு ரோலில் 1 கிராம் பட்டை இருக்கிறது. என்றைக்காவது ஒரு நாள் சாப்பிடுவதில் பயப்பட ஒன்றுமில்லை. வாரத்தில் பல நாள் செய்கிற வீடு, சிறு குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் சிலோன் பட்டைக்கு மாறிவிடுங்கள், அளவை 15 கிராம் ஆக்கிக்கொள்ளுங்கள்.

உள்ள வச்ச சர்க்கரை எல்லாம் உருகி அடியில ஓடிடுது. ரோல்ல ஒண்ணுமே இல்ல.

முதலில் வெண்ணெயைப் பாருங்கள். உருக்கிய வெண்ணெய் வேண்டாம், இளகிய வெண்ணெய் வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், பளபளவென்று எண்ணெயாகத் தெரியக் கூடாது. உருக்கியதைப் பூசினால் சுருட்டும்போதே பின்பக்கம் வழிந்துவிடும். வெண்ணெய், பிரவுன் சுகர், பட்டை, கார்ன்ஃப்ளார் நான்கையும் ஒன்றாகக் குழைத்துப் பசை மாதிரி ஆக்கிப் பூசுவது என் வழக்கம். தனித்தனியாகத் தூவிய சர்க்கரை சுருட்டும்போது உதிரும், பசை அங்கேயே நிற்கும்.

சர்க்கரை மாவிலிருந்து ஈரத்தை இழுத்துப் பாகாகும், ஓவனில் அந்தப் பாகு இன்னும் இளகும். கார்ன்ஃப்ளார் அந்தப் பாகைக் கெட்டியாக்கிப் பிடித்து வைக்கும். அதனால் அதை விட்டுவிடாதீர்கள். பூசும்போது தூரத்து ஓரத்தில் 2 செ.மீ. வெறுமனே விட்டு, அங்கே தண்ணீர் தொட்டு, சுருட்டியபின் கிள்ளி ஒட்டுங்கள். பிரவுன் சுகர் கிடைக்கவில்லையென்றால் வெள்ளைச் சர்க்கரையைப் பொடித்துப் போடலாம். அதில் மொலாசஸ் (கருநிறக் கரும்புப் பாகு) இல்லாததால் டாஃபி மணம் மட்டும் வராது.

வெட்டும்போது நசுங்கி முட்டை வடிவத்துல ஆயிடுது.

கத்தியை ஓரமாக வைத்துவிட்டு நூலை எடுங்கள். மணமில்லாத டென்டல் ஃப்ளாஸ் அல்லது கெட்டியான தையல் நூல், சுமார் 40 செ.மீ. நீளம். சுருளுக்கு அடியில் நூலை நுழைத்து, வெட்ட வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு முனைகளையும் மேலே தூக்கிக் குறுக்காக மாற்றிப் பிடித்து இழுங்கள். நூல் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் இறங்குவதால் மேலிருந்து அழுத்தம் விழாது. சுற்றுகள் வட்டம் குலையாமல் அப்படியே நிற்கும்.

மாவு ரொம்ப இளகியிருந்தால் சுருளை ஃப்ரிட்ஜில் 15 நிமிடம் வைத்துவிட்டு வெட்டுங்கள்.

நடுவுல மட்டும் கோபுரம் மாதிரி எழும்பிடுது. என் தங்கைக்கு நேர் எதிர், சுற்றுக்கு நடுவுல ஓட்டை.

நீங்கள் இறுக்கிச் சுருட்டியிருக்கிறீர்கள், அவர் தளர்வாகச் சுருட்டியிருக்கிறார். இறுகிய சுருள் ஓவனில் விரிய இடம் தேடும்போது நடுப்பகுதி மேலே தள்ளப்படும். மாவை இழுக்காமல், காகிதத்தைச் சுருட்டுகிற மாதிரி உருட்டிக்கொண்டு போனால் போதும். முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதை ரோலின் அடியில் மடக்கி வையுங்கள். ட்ரேயில் அடுக்கும்போது ரோல்களுக்கு நடுவே ஒரு விரல் இடம் விடுங்கள். வேகும்போது பக்கத்து ரோலோடு ஒட்டி வளர்வதால்தான் ஓரங்கள் மென்மையாக இருக்கின்றன.

தங்கைக்கு: பூசின வெண்ணெய் அதிகமாக இருந்தாலும் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரியும். அந்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு தடவை உப்பினது போதாதா? வெட்டினதும் நேரா ஓவன்ல வச்சா?

தேய்த்துச் சுருட்டியபோது உள்ளே இருந்த காற்றில் பெரும்பகுதி போய்விட்டது. அப்படியே வைத்தால் ரோல் அடர்த்தியாக இருக்கும், வெளிப்பக்கம் வெடிக்கும். 30 முதல் 50 நிமிடம் விடுங்கள். இங்கேயும் விரல் சோதனைதான் கணக்கு. ஆனால் இந்த முறை இரண்டு மடங்கு வேண்டாம், ஒன்றரை மடங்கு போதும். ரோல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ட்ரேயை லேசாக ஆட்டினால் தளும்புகிற மாதிரி அசைய வேண்டும்.

எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம்? மேல சிவந்துடுச்சு, நடு ரோல் மட்டும் பச்சை மாவா இருக்கு.

180 டிகிரி, நடுத்தட்டு, 22 முதல் 27 நிமிடம். ஃபேன் ஓடுகிற ஓவன் என்றால் 165 டிகிரி. கண்ணாடி ட்ரேயில் நடுப்பகுதி வேகத் தாமதமாகும் என்பதால் 170 டிகிரியில் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். 15ஆவது நிமிடத்தில் எட்டிப் பாருங்கள். மேலே தேன் நிறம் வந்திருந்தால் அலுமினியம் ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்திவிடுங்கள். சர்க்கரையும் பாலும் இருப்பதால் இந்த மாவு சீக்கிரம் சிவக்கும், நிறத்தை வைத்து வெந்ததாக முடிவு செய்ய முடியாது.

தெர்மாமீட்டர் முள்ளை ட்ரேயின் நட்டநடு ரோலில் குத்துங்கள். 88 முதல் 90 டிகிரி காட்டினால் இறக்கலாம், 95ஐத் தாண்டினால் உலரத் தொடங்கிவிடும். முள் இல்லையென்றால் நடு ரோலின் உள்சுற்றை ஒரு ஃபோர்க்கால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். நூல் நூலாகப் பிரிந்தால் வெந்திருக்கிறது, பசையாக இழுபட்டால் ஃபாயிலை மூடி இன்னும் நாலு நிமிடம்.

ஓவன் இல்ல. ஏர் ஃப்ரையர்ல வருமா?

வரும். கூடைக்குள் பொருந்துகிற சிறிய ட்ரேயில் நாலு அல்லது ஐந்து ரோல், 160 டிகிரியில் 11 முதல் 14 நிமிடம். மேற்பக்கம் வெகு சீக்கிரம் சிவக்கும் என்பதால் ஆறாவது நிமிடமே ஃபாயில் போடுங்கள், ஓரங்களை ட்ரேயில் அழுத்தி மடக்கிவிடுங்கள், இல்லையென்றால் காற்றில் பறந்துபோய் ஹீட்டரைத் தொடும். மீதி ரோல்களை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடுத்த தடவைக்கு எடுங்கள். வெளியே விட்டால் முறை வருவதற்குள் அதிகமாக உப்பிவிடும்.

முட்டை சேர்க்க மாட்டோம். என்ன மாத்தணும்?

முட்டைக்குப் பதில் 45 மி.லி. பால் அல்லது கெட்டித் தயிர். நிறம் சற்று வெளிறி வரும், வேறு பெரிய வித்தியாசம் இல்லை. பாலும் வேண்டாம் என்பவர்கள் சோயா பாலும், உப்பில்லாத தாவர வெண்ணெயும் எடுத்துக்கொள்ளலாம். பாதி அளவு மட்டும் செய்கிறவர்கள் முட்டையை அடித்து அதில் 25 கிராம் அளந்து சேருங்கள்.

ராத்திரியே செஞ்சு வச்சு காலைல சூடா எடுக்க முடியுமா?

முடியும், சுவையும் கூடும். மெதுவாகப் புளிப்பதால் மாவுக்குத் தனி மணம் வரும். வெட்டி ட்ரேயில் அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி, உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே உப்பவிட்ட பிறகு உள்ளே வைப்பது தவறு. 4 டிகிரியிலும் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 8 முதல் 14 மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் போனால் சர்க்கரை பாகாகிக் கீழே இறங்கும். காலையில் எடுத்ததும் ஓவனில் தள்ளாதீர்கள். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வெளியே வைத்து, தளும்பும் நிலை வந்த பிறகு வேகவையுங்கள்.

விடியற்காலையில் அவ்வளவு நேரம் இல்லாதவர்களுக்கு ஃப்ரீசர் வழி கடைசிக் கேள்வியில் இருக்கிறது.

ஐசிங் எல்லாம் உருகி ஓடிடுது.

ஓவனிலிருந்து எடுத்து 10 நிமிடம் பொறுங்கள். நான் இரண்டு தடவையாகப் பூசுவேன். வெதுவெதுப்பாக இருக்கும்போது மூன்றில் ஒரு பங்கு, அது சுற்றுகளுக்குள் இறங்கும். நன்றாக ஆறியபின் மீதி, அது மேலேயே நிற்கும். ஐசிங் தொடக்கத்திலேயே நீர்த்திருந்தால், வெண்ணெயையும் ஐசிங் சுகரையும் முதலில் அடித்து, க்ரீம் சீஸைக் கடைசியில் சேர்த்து, கலந்ததும் நிறுத்திவிடுங்கள். க்ரீம் சீஸை அதிக நேரம் அடித்தால் இளகிவிடும்.

மறுநாள் கல்லாயிடுது. ஃப்ரிட்ஜ்லதான் வச்சேன்!

ஃப்ரிட்ஜில் வைத்ததால்தான். வெந்த மாவுப்பொருள் இறுகுவதற்குக் காரணம் அதிலுள்ள ஸ்டார்ச் மறுபடி கெட்டிப்படுவது. அது ஃப்ரிட்ஜின் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். ஐசிங் பூசாத ரோல்களைக் காற்றுப் புகாத டப்பாவில் வெளியே வைத்தால் இரண்டு நாள் மென்மையாக இருக்கும். க்ரீம் சீஸ் ஐசிங்கைத் தனியாக ஃப்ரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது பூசிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே இறுகியதை மைக்ரோவேவில் 15 முதல் 20 விநாடி சூடாக்கினால் ஸ்டார்ச் இளகித் திரும்ப மென்மையாகும். உடனே சாப்பிட்டுவிடுங்கள், ஆறினால் முன்னைவிடக் கல்லாகும்.

தாங்ஜோங்னு ஒரு முறை சொல்றாங்களே, அது தேவையா?

கட்டாயம் இல்லை, ஆனால் இரண்டாம் நாளும் மென்மை வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மொத்த அளவிலிருந்தே 25 கிராம் மைதாவையும் 125 மி.லி. பாலையும் எடுத்துக் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிளறுங்கள். 65 டிகிரியில் ஸ்டார்ச் வெந்து கூழாகும், கரண்டி போன தடம் சட்டியில் நிற்கும். அப்போது இறக்கி, முழுக்க ஆறவிட்டு, மாவில் சேருங்கள். வெந்த ஸ்டார்ச் பச்சை மைதாவைவிடப் பலமடங்கு தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதனால் தனியாக இன்னும் 20 மி.லி. பால் சேர்க்கலாம். மாவு வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒட்டும், ஒட்டும் மாவு பற்றிய பதிலை மறுபடி ஒரு முறை பாருங்கள்.

வேக வைக்கறதுக்கு முன்னாடி மேல க்ரீம் ஊத்தறாங்களே, செய்யலாமா?

செய்யலாம். இரண்டாவது முறை உப்பிய பிறகு, அறைச் சூட்டில் இருக்கும் க்ரீம் 100 மி.லி.யை ரோல்களுக்கு இடையில் ஊற்றுங்கள். அது சர்க்கரையோடு கலந்து அடியில் டாஃபி மாதிரி ஆகும். வேக நாலைந்து நிமிடம் கூடப் பிடிக்கும். என் கருத்தில் மாவு சரியாக வந்த ரோலுக்கு இது தேவையில்லை. மைதா கூடிப்போய் மாவு இறுகிவிட்டது என்று தெரிந்த அன்றைக்கு இது நன்றாகக் கை கொடுக்கும்.

மறந்துட்டேன், மாவு ரொம்ப உப்பி மேல சுருங்கிப்போச்சு. காப்பாத்த முடியுமா?

எந்தக் கட்டத்தில் என்பதைப் பொறுத்தது. முதல் முறை உப்பும்போது என்றால் கவலை வேண்டாம். அழுத்திக் காற்றை எடுத்து, ஒரு நிமிடம் பிசைந்து, 10 நிமிடம் ஓய்வு கொடுத்துத் தேய்க்கலாம். சாராய வாடை தூக்கலாக இருந்தால் மட்டும் சுவையில் புளிப்பு தெரியும்.

வெட்டி அடுக்கிய பிறகு நடந்திருந்தால் மறுபடி பிசைய வழியில்லை, பூரணம் உள்ளே இருக்கிறது. ட்ரேயை ஆட்டாமல், உடனே சூடான ஓவனில் வையுங்கள். தட்டையாக வரும், சாப்பிட நன்றாகவே இருக்கும். ஒருவர் இப்படி விழுந்துபோன ட்ரேயின் படத்தை அனுப்பி, தூக்கிப் போடட்டுமா என்று கேட்டார். வேகவைத்து, சூட்டோடு ஐசிங் முழுவதையும் ஊற்றச் சொன்னேன். மாலைக்குள் ட்ரே காலி என்று பதில் வந்தது.

ஃப்ரீசர்ல வைக்கறதா இருந்தா வெந்ததா, வேகாததா?

வெந்ததுதான் என் விருப்பம். வேகாத மாவை உறைய வைத்தால் ஈஸ்டில் ஒரு பகுதி செத்துவிடும், எவ்வளவு உப்பும் என்று சொல்ல முடியாது. நிறம் லேசாக வந்ததும் (உட்சூடு 88 டிகிரி எட்டியிருக்க வேண்டும்) இறக்கி, முழுக்க ஆறவிட்டு, ஐசிங் இல்லாமல் ஒவ்வொன்றாகச் சுற்றி, தேதி எழுதிப் பையில் போடுங்கள். ஒரு மாதம் நன்றாக இருக்கும். வேண்டிய அன்று காலை ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராக ஃபாயிலில் மூடி, 150 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். கடைசி இரண்டு நிமிடம் ஃபாயிலைத் திறந்துவிடுங்கள்.